இரண்டு எண்களோடு வாருங்கள்

பங்குனி மாதம், கல்லூரி ப்ராஜெக்ட் ரெவ்யூவுக்கு முந்தின நாள், கடை சாத்தும் நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வரும் தம்பி தங்கைகளுக்கு,

ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்கும் அண்ணன் எழுதுகிறேன். என் பெயர் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "மாடிப்படிக்குக் கீழ இருக்கிற கடை" என்றுதான் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்கிறீர்கள். அதுவே போதும்.

என் கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. "இது போச்சுண்ணா, வேற குடுங்க" என்று நீங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போகும் சென்சார்களை அதில் போட்டுவைப்பேன். மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கவிழ்த்தேன். ஒவ்வொன்றையும் நல்ல சப்ளையில், நான்கு அங்குல ஒயரில், பக்கத்தில் வேறெதையும் இணைக்காமல் ஓட்டிப் பார்த்தேன். கால் ஒடிந்தவை சில இருந்தன. பிளஸ்ஸும் மைனஸும் மாற்றிச் சொருகிக் கருகியவையும் இருந்தன. மற்றபடி பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்தன.

அன்று மத்தியானம் சோறு சரியாக இறங்கவில்லை. நல்ல சென்சாரைச் செத்ததாக நம்பி வந்த உங்களுக்கு இன்னொரு நல்ல சென்சாரை விற்றிருக்கிறேன். இரண்டாவதும் அதே மாதிரி உளறியிருக்கும். சிலர் மூன்றாவதும் வாங்கினீர்கள். பஸ் காசை எண்ணிப் பார்த்து வாங்கிய முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. விற்கிறவனே வாங்காதே என்று சொல்லும் இந்தக் கடிதத்தை அந்தக் கடனுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். கோழி முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் செய்த இரண்டு பையன்கள் வந்தார்கள். தெர்மோகோல் பெட்டி, சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு, காற்றைச் சுற்றவிட 12 வோல்ட் விசிறி, வெப்பம் அளக்க எல்எம்35, மூளையாக ஆர்டுயினோ ஊனோ. கோழி முட்டைக்கு 37.5 டிகிரி வேண்டும், 21 நாள் அது மாறாமல் இருக்க வேண்டும். 38-ஐத் தாண்டினால் விசிறி ஓட வேண்டும், 37-க்குக் கீழே வந்தால் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எழுதியதில் தப்பே இல்லை. ஆனால் விசிறி சுற்ற ஆரம்பித்த நொடியில் திரையில் 38 இருந்த இடத்தில் 45.5 வந்து நின்றது. விசிறி போட்டால் சூடு ஏறுமா? ஏறியது. பிறகு விசிறி நிற்கவே மாட்டேனென்றது. உள்ளே உண்மையான வெப்பம் 29.5-க்கு இறங்கிய பிறகுதான் திரையில் 37 வந்தது, விசிறி நின்றது. நின்ற கணத்தில் திரை 29.5-க்குப் பொத்தென்று விழுந்தது.

அவர்கள் மூன்று எல்எம்35 மாற்றியிருந்தார்கள். கோடிங்கைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்கள். வழிகாட்டி ஆசிரியர் "சராசரி எடுங்கப்பா" என்று சொல்லியிருந்தார். ஐம்பது அளவு எடுத்துச் சராசரி போட்டும் பார்த்தார்கள். பொய்யைச் சராசரி எடுத்தால் பொய்யின் சராசரிதான் வரும்.

நான் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்தேன். கருப்பு முனை ஆர்டுயினோவின் கிரவுண்டு காலில், சிவப்பு முனை எல்எம்35-இன் கிரவுண்டு காலில். "இரண்டும் கிரவுண்டுதானே அண்ணா, பூஜ்யம்தான் வரும்" என்றான் ஒருவன். விசிறி நின்றபோது பூஜ்யம்தான் வந்தது. விசிறியை ஓட்டினேன். 75 மில்லிவோல்ட். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும் சாமான். 75-ஐப் பத்தால் வகுத்தால் ஏழரை. எங்கிருந்தோ வந்து ஏறிக்கொண்ட அந்த ஏழரை டிகிரி இதுதான்.

நடந்தது இவ்வளவுதான். விசிறியிலிருந்து திரும்பும் மின்னோட்டமும் சென்சாரின் கிரவுண்டும் ப்ரெட்போர்டில் ஒரே பாதை வழியாக, ஒரே மெல்லிய ஜம்பர் ஒயரில் ஆர்டுயினோவுக்குப் போயின. அந்த ஒயரும் அதன் இரண்டு முனைத் தொடர்பும் சேர்ந்து கால் ஓம் தடை. விசிறி எடுத்தது 300 மில்லிஆம்பியர். பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதிதான்: 0.3-ஐ 0.25-ஆல் பெருக்கினால் 0.075 வோல்ட்.

டெல்டா பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். சப்ளை என்பது வாய்க்கால். கிரவுண்டு என்பது வடிகால். பெரிய வயலும் சின்ன வயலும் ஒரே குறுகிய வடிகாலில் நீரை விட்டால் என்ன ஆகும்? பெரிய வயல் மடையைத் திறந்ததும் வடிகாலில் மட்டம் ஏறும், சின்ன வயலில் நீர் எதிர்த்து நிற்கும். சின்ன வயல்காரன் தன் வரப்பில் நின்று பார்த்தால் தன் வயலில் நீர் கூடிவிட்டதென்றே நினைப்பான். உங்கள் சென்சார் அந்தச் சின்ன வயல். அது பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த மட்டத்திலிருந்து சரியாகத்தான் அளந்து சொன்னது. மட்டம்தான் உயர்ந்துவிட்டது.

தீர்வுக்கு ஒரே ஒரு ஒயர் போதுமானதாக இருந்தது. விசிறியின் மைனஸை நேராக அடாப்டருக்குக் கொண்டுபோனேன். சென்சாரின் கிரவுண்டைத் தனி ஒயரில் ஆர்டுயினோவுக்குக் கொடுத்தேன். இரண்டும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சந்திக்கும்படி வைத்தேன். இங்கேதான் பலர் குழம்புகிறீர்கள். "கிரவுண்டை எல்லாம் சேர்க்கணும்னு சொல்றாங்க, நீங்க பிரிக்கச் சொல்றீங்களே?" சேர்க்கத்தான் வேண்டும். மோட்டாருக்குத் தனி பேட்டரி, ஆர்டுயினோவுக்குத் தனி அடாப்டர் என்று வைத்து, இரண்டின் மைனஸையும் இணைக்காமல் விட்டால் சிக்னலுக்கு அடி ஆதாரமே இருக்காது. ஆனால் சேர்வது ஒரு முனையில் நடக்கட்டும். அந்த முனை வரை அவரவர் வடிகால் அவரவருக்கு.

இனி சப்ளைக்கு வருகிறேன். "5 வோல்ட் குடுத்திருக்கேண்ணா" என்கிறீர்கள். எங்கே அளந்தீர்கள் என்று கேட்டால் அடாப்டரின் ஸ்டிக்கரைக் காட்டுகிறீர்கள். ஸ்டிக்கர் தலைமடை. உங்கள் சர்வோ கடைமடை. ஆறு நிறைய ஓடினாலும் கடைமடையில் நெல் கருகும் கதை நம் ஊரில் யாருக்கும் புதிதில்லை. அளவை எப்போதும் கடைமடையில் எடுங்கள். சென்சாரின் காலில், சர்வோவின் பிளக்கில், அதுவும் அது வேலை செய்துகொண்டிருக்கும்போது.

கணக்கை முதலில் காகிதத்தில் போடுங்கள். கணினியின் யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் வரைதான் தரும். அதற்கு மேல் போனால் ஊனோ போர்டிலிருக்கும் மீளும் ஃப்யூஸ் சூடாகி வழியை அடைத்துவிடும். ஒரு சின்ன நீல நிற சர்வோ, கை தடைபட்டு நின்றால், தனியாகவே அரை ஆம்பியரைத் தாண்டிவிடும். 5 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 70 மில்லிஆம்பியர் எடுக்கும். ஊனோவின் ஒரு கால் தாங்கும் உச்சம் 40, வசதியாகத் தரக்கூடியது 20. வெறும் ரிலேயை நேராகக் காலில் கட்டிவிட்டு "பின் வேலை செய்யலண்ணா" என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலை நீங்களேதான் எரித்திருக்கிறீர்கள்.

"அஞ்சு நிமிஷம் நல்லா ஓடுதுண்ணா, அப்புறம் நின்னுடுது" என்பது எனக்குப் பிடித்த புகார். காரணத்தைத் தானே சொல்லிவிடும் புகார் அது. ஊனோவின் உருளைத் துளையில் 12 வோல்ட் கொடுத்து, போர்டின் 5 வோல்ட் காலிலிருந்து 300 மில்லிஆம்பியர் இழுத்தால், நடுவிலுள்ள 7 வோல்ட்டும் ரெகுலேட்டரில் சூடாகத்தான் போயாக வேண்டும். 7-ஐ 0.3-ஆல் பெருக்குங்கள், 2.1 வாட். நகம் அளவுள்ள அந்தச் சில்லில் விரல் வைத்துப் பாருங்கள், எடுத்துவிடுவீர்கள். அது சுட்டுத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது, ஆறினால் மறுபடி எழுகிறது. அதிகச் சுமை இருந்தால் 12 வோல்ட்டை ஒரு பக் கன்வெர்ட்டரில் 5 வோல்ட்டாக இறக்கி, சுமைக்குத் தனியாகக் கொடுங்கள்.

சதுரமான 9 வோல்ட் பேட்டரியைப் பற்றி நான் சொன்னால் அதை விற்கும் பக்கத்துக் கடைக்காரர் கோபித்துக்கொள்வார். மல்டிமீட்டர், சின்ன ரேடியோ போன்ற சொற்பமாக உறிஞ்சும் பொருள்களுக்கு அது தங்கமான பேட்டரி. மோட்டாருக்கு அது ஆகாது. உள்ளேயே சில ஓம் தடை இருக்கிறது. அரை ஆம்பியர் கேட்டால் உள்ளேயே ஒன்றிரண்டு வோல்ட் போய்விடும். மலிவான வகையென்றால் மோட்டார் நகர்வதற்கு முன்பே படுத்துவிடும்.

மின்னழுத்தம் விழுந்தால் போர்டு ஒழுங்காக அணைந்து எழுந்தால்கூட நல்லதுதான். அதைவிட மோசமான ஒரு நிலை உண்டு. ஊனோவிலிருக்கும் ஏடிமெகா328பி சில்லு 16 மெகாஹெர்ட்ஸில் ஒழுங்காக ஓட, தயாரிப்பாளரின் வரைபடப்படி, சுமார் 3.8 வோல்ட்டாவது வேண்டும். ஆனால் "மின்சாரம் போதவில்லை, நிறுத்து" என்று சொல்லும் காவல்காரன் ஊனோவில் 2.7 வோல்ட்டில்தான் விழிக்கிறான். நடுவிலிருக்கும் ஒரு வோல்ட் யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. அங்கே சில்லு சாகவும் சாகாது, சரியாக ஓடவும் ஓடாது. கட்டளையைத் தப்பாகப் படிக்கும், மாறியில் குப்பை சேரும். கோடிங்கில் நீங்கள் மாதக்கணக்கில் தேடும் பேய் பெரும்பாலும் இந்தப் புறம்போக்கில்தான் குடியிருக்கிறது. இஎஸ்பி32 இந்த விஷயத்தில் நேர்மையானது. மின்னழுத்தம் விழுந்தால் பிரவுன்அவுட் என்று சீரியல் மானிட்டரில் அதுவே எழுதிவிட்டு ரீசெட் ஆகும். அந்த வரியைப் பார்த்த பிறகும் சென்சார் வாங்க வராதீர்கள். வைஃபை ஒலிபரப்பும் கணங்களில் அதற்கு 240 மில்லிஆம்பியர் அளவுக்கு வேண்டும், சப்ளை 500-க்குக் குறையாமல் இருக்கட்டும்.

எஸ்எம்எஸ் அனுப்பும் சிம்800எல் மாட்யூல் இதில் தனி ரகம். கோபுரத்தோடு பேசும்போது 577 மைக்ரோநொடிக்கு மட்டும், 2 ஆம்பியர் வரை இழுக்கும். பிறகு அமைதியாகிவிடும். மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். அந்தக் கண் சிமிட்டலை அது பார்க்கவே முடியாது. மீட்டரில் 4 வோல்ட் நிலையாக நிற்கும், மாட்யூல் மட்டும் செத்துச் செத்துப் பிழைக்கும். கல்லூரி லேபில் ஆசிலாஸ்கோப் இருந்தால் வெட்கப்படாமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை மாட்யூலின் காலருகிலேயே வையுங்கள், பிளஸ் மைனஸ் பார்த்து. கோளாறு குறைந்தால் நோய் இன்னதென்று மருந்தே சொல்லிவிடும். கெபாசிட்டர் என்பது வயலோரத்துப் பண்ணைக்குட்டை. வாய்க்காலில் நீர் வந்து சேரும் வரை குட்டையிலிருந்து இறைத்துக்கொள்ளலாம். குட்டையை ஊருக்கு வெளியே வெட்டிப் பயனில்லை, வயலோரத்தில்தான் வெட்ட வேண்டும். 104 என்று அச்சிட்ட அந்தச் சின்னப் பழுப்பு நிறக் கெபாசிட்டர் கையிலிருக்கும் சொம்பு மாதிரி. அள்ளுவது கொஞ்சம்தான், ஆனால் உடனே அள்ளலாம். ஒவ்வொரு சில்லின் சப்ளைக் காலருகிலும் ஒன்று இருக்கட்டும்.

அளவுகோல் பற்றியும் சொல்ல வேண்டும். பூக்காரம்மா கையால் முழம் போடுகிறார். ஒரு பேச்சுக்கு அவர் கை ஒரு நாள் சுருங்கிப்போனதென்று வையுங்கள். அதே சரம் பத்து முழத்துக்குப் பதிலாகப் பதினொரு முழம் வரும். பூ கூடவில்லை, கைதான் குறைந்தது. ஊனோவின் அனலாக் கால் அப்படித்தான் அளக்கிறது. தன் 5 வோல்ட் சப்ளையைக் கையாக வைத்துக்கொண்டு, அதை 1024 கூறாக்கி, வருவதை எண்ணுகிறது. ஒரு கூறு ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். சர்வோ இழுத்ததில் சப்ளை 4.6-க்கு விழுந்தால் முழம் சுருங்கிவிடும். எல்எம்35 மாறாமல் 300 மில்லிவோல்ட் தந்துகொண்டிருந்தாலும் 30 டிகிரி இருந்த இடத்தில் 32.6 என்று காட்டும். எல்எம்35-ஐ அளக்க, ஊனோவின் சில்லுக்கு உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் அளவுகோலைப் பயன்படுத்தச் சொல்லி ஒரே வரி எழுதினால் போதும். சப்ளை ஆடினாலும் கை ஆடாது. கூறும் ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட்டுக்குச் சிறுத்துவிடும், அதாவது டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வரை தெரியும். அந்த 1.1 சில்லுக்குச் சில்லு கொஞ்சம் மாறும், ஒரு தடவை அளந்து கோடிங்கில் எழுதிக்கொள்ளுங்கள். தெர்மிஸ்டரும் வால்யூம் கண்ட்ரோலும் இதற்கு விதிவிலக்கு. அவற்றுக்கும் அதே 5 வோல்ட்டைக் கொடுத்திருந்தால், கை சுருங்கும்போது சரமும் அதே விகிதத்தில் சுருங்கும், கணக்கு சரியாகிவிடும்.

இனி குறுக்கீடு. உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள். தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ராத்திரி 'ஒளியும் ஒலியும்' ஓடும்போது பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் திரையெல்லாம் புள்ளி புள்ளியாகக் கோடு ஓடும். தெருவே சேர்ந்து அந்த வீட்டைத் திட்டும். மிக்ஸிக்குள் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் நொடிக்கு ஆயிரக்கணக்கான சின்னப் பொறிகள். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி நிலையம். உங்கள் ரோபோவின் மஞ்சள் கியர் மோட்டாருக்குள்ளும் பிரஷ்தான், அதே பொறிதான். மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு 104-ஐ மோட்டாரிலேயே வைத்துச் சால்டர் செய்யுங்கள். மோட்டார் ஒயர் இரண்டையும் பின்னல் மாதிரி முறுக்குங்கள். சென்சார் ஒயரை அதோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். அழகுக்காக டை போட்டு இறுக்கிக் கட்டிய ப்ராஜெக்ட்டுகளில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

மேல்நிலைத் தொட்டிக்குத் தானாக மோட்டார் போடும் ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். ரிலே மோட்டாரை நிறுத்தும் கணத்தில் எல்சிடி திரையில் சீன எழுத்து மாதிரி ஏதோ வந்து நிற்கும். ஆனால் நீர் மட்டம் பார்க்கும் வேலை சரியாக நடந்துகொண்டிருக்கும். அங்கே ஆர்டுயினோ ரீசெட் ஆகவில்லை. திரை மட்டும் ஒரு கட்டளையைத் தப்பாகக் கேட்டுவிட்டது. ரிலேயின் தொடுமுனை பிரியும்போது மோட்டாரின் காயில் தன் ஆற்றலை விட மனமில்லாமல் ஒரு பொறியாக வெளியே தள்ளுகிறது. அந்தத் தொடுமுனைக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராக வைத்தால் பொறி அடங்கும். கெபாசிட்டர் எக்ஸ்2 என்று அச்சிட்டதாகத்தான் இருக்க வேண்டும். சாதாரணமானதை 230 வோல்ட்டில் வைத்தால் வெடிக்கும். அந்த வேலையை மெயினை அணைத்துவிட்டு, விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இதில் மட்டும் எனக்கு விளையாட்டுப் பேச்சு இல்லை. ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு 4007 டையோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்யூலாக வாங்கினால் பொதுவாக அதிலேயே இருக்கும்.

சென்சார்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போடுவதும் உண்டு. இரண்டு அல்ட்ராசானிக்கை ஒரே நேரத்தில் ஓட்டினால், ஒன்று கத்திய 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை இன்னொன்று தன் எதிரொலி என்று நினைத்துக்கொள்ளும். ஒன்று முடிந்து 60 மில்லிநொடி விட்டு அடுத்ததைக் கேளுங்கள். அசைவை அளக்கும் எம்பியு6050-ம் டிஎஸ்3231 கடிகாரமும் ஐ2சி-யில் ஒரே கதவு எண்ணில் குடியிருக்கின்றன, ஹெக்ஸ் 68. தனித்தனியே ஓடும், சேர்த்தால் இரண்டும் குழம்பும். எம்பியு6050-இன் ஏடி0 காலை உயர்த்திக் கட்டினால் அது 69-க்குக் குடிபோய்விடும். இஎஸ்பி32-இல் வைஃபை போட்டதும் அனலாக் அளவு நின்றுவிட்டால், ஒயரை 32 முதல் 39 வரையுள்ள கால்களில் ஒன்றுக்கு மாற்றுங்கள். இரண்டாவது ஏடிசியை வைஃபை தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

மண்ணில்லா விவசாயம் செய்யும் பிள்ளைகளுக்கு நேர்வது இன்னும் விசித்திரம். பிஹெச் ப்ரோபைத் தனியாக நீரில் வைத்தால் 6.2 என்று அமைதியாக நிற்கும். அதே தொட்டியில், நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் ப்ரோபை இறக்கியதும் பிஹெச் தாவத் தொடங்கும். நீர் மாறவில்லை. டிடிஎஸ் ப்ரோப் அளப்பதே நீருக்குள் மின்னோட்டம் விட்டுத்தான். பிஹெச் ப்ரோபோ ஒரு பிஹெச் அலகுக்கு 59 மில்லிவோல்ட் மட்டுமே தரும் மெல்லிய குரல்காரி. இரண்டுக்கும் ஒரே கிரவுண்டு என்பதால், நீரே அவற்றுக்கு நடுவில் ஒயராகிவிடுகிறது. டிடிஎஸ் ப்ரோபை வெளியே தூக்கிப் பாருங்கள். பிஹெச் நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. பிறகு இரண்டையும் மாறி மாறி ஓட்டலாம். அணைக்கும்போது பிளஸ்ஸோடு கிரவுண்டையும் சேர்த்து வெட்டுங்கள். காசிருந்தால் ஒன்றுக்கு முழுக்கத் தனிமைப்படுத்திய சப்ளையும் சிக்னல் வழியும் கொடுக்கலாம்.

தப்பான எண்ணையும் மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெப்பம் அளக்கும் டிஎஸ்18பி20 சட்டென்று 85 டிகிரி என்று சொன்னால் அது சூடு இல்லை. சப்ளை வந்ததும் அதன் நினைவில் இருக்கும் பிறவி எண் 85. அளந்து முடிக்கும் முன்பே கேட்டுவிட்டீர்கள், அல்லது நடுவில் அதன் சப்ளை அறுந்து மறுபடி வந்திருக்கிறது. மைனஸ் 127 என்று வந்தால் சென்சார் பேசவே இல்லை. ஒயரையும் 4.7 கிலோஓம் புல்அப் ரெசிஸ்டரையும் பாருங்கள். எதுவும் இணைக்காத அனலாக் காலில் எண் ஆடினால் அது சுவரிலுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ஆன்டெனா மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த முணுமுணுப்பு உண்மையான சிக்னலில் ஏறியிருந்தால் மட்டும் சராசரி எடுங்கள், அதையும் சரியாக 20 மில்லிநொடிக்கு எடுங்கள். ஓர் அலை முழுதாக உள்ளே வந்து தன்னைத் தானே கழித்துக்கொள்ளும்.

இவ்வளவையும் ராத்திரி பதினோரு மணிக்கு எப்படி நினைவில் வைப்பது? வேண்டாம். வரிசை மட்டும் போதும். முதலில், ரீசெட்டா உளறலா என்று பிரியுங்கள். செட்அப் பகுதியில் 'தொடங்கினேன்' என்று ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள். ஓடும்போது அந்த வரி மறுபடி வந்தால் போர்டு செத்துப் பிழைக்கிறது, சப்ளையைப் பாருங்கள். அந்த வரி வராமல் எண் மட்டும் தாவினால் கிரவுண்டையும் முழத்தையும் பொறியையும் பாருங்கள். அடுத்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் கெட்டதோ அதுதான் மடை திறந்த பெரிய வயல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பதற்றத்தில் ஒயர், அடாப்டர், கோடிங் மூன்றையும் சேர்த்து மாற்றிச் சரியானால், எது சரியாக்கியது என்று தெரியாது. ரெவ்யூ மேசையில் அது மறுபடி வரும்.

உங்கள் பக்கம் மட்டும் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் விற்கும் ஜம்பர் ஒயரில் சிலவற்றின் நடுப்பகுதியில் காந்தம் ஒட்டும். செம்பில் காந்தம் ஒட்டாது. உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. மோட்டாருக்கு அதைப் போடாதீர்கள். வாங்கும்போதே காந்தம் கேளுங்கள், நான் தருகிறேன். நீளமான ப்ரெட்போர்டில் சிவப்பு, நீலக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் உள்ளே தகடும் அங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த அரை அங்குல இடைவெளியில் எத்தனை பிள்ளைகளின் ராத்திரி போயிருக்கிறது தெரியுமா?

ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் பிறந்தது, டிசைன் படிக்கும் மாணவர்களுக்காக. மின்னணுவியல் தெரியாதவரும் சொருகி ஓட்ட வேண்டும் என்பதே நோக்கம். அந்தக் கொடையை நான் குறை சொல்ல மாட்டேன், என் கடை வாடகையே அதில்தான் வருகிறது. ஆனால் மின்சாரத்தைப் பார்க்காமலே ஓட்டலாம் என்று பழகிவிட்டால், அது மக்கர் செய்யும் நாளில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் போகிறது. கோடிங்கைப் பத்து முறை படித்த கண்கள் கிரவுண்டு ஒயரை ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை.

அதனால் இந்தப் பங்குனியிலிருந்து கடையில் ஒரு புது வழக்கம். "வேலை செய்யலண்ணா" என்று வந்தால் சென்சார் தர மாட்டேன். இரண்டு எண்களோடு வாருங்கள். சென்சாரின் காலில் மோட்டார் நிற்கும்போது எத்தனை வோல்ட், மோட்டார் ஓடும்போது எத்தனை வோல்ட். மல்டிமீட்டர் இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது, படிக்கட்டில் உட்கார்ந்து அளந்துகொள்ளுங்கள். இரண்டு எண்ணும் சரியாக இருந்தும் சென்சார் பேசவில்லையென்றால் அது உண்மையாகவே செத்திருக்கக்கூடும். அப்போது பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறேன். அதிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். அது முன்பே ஒருவர் காசு கொடுத்து வாங்கியதுதான்.

இன்குபேட்டர் பையன்கள் ரெவ்யூ முடிந்து வந்தார்கள். மிச்சமிருந்த மூன்று எல்எம்35-ஐயும் டப்பாவில் போட்டுவிட்டு, விசிறிக்குத் தடியான ஒயர் இரண்டு மீட்டர் வாங்கிக்கொண்டு போனார்கள். முட்டை பொரிந்ததா என்று கேட்க மறந்துவிட்டேன். உங்களில் யாராவது அவர்களைப் பார்த்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மாடிப்படிக்குக் கீழ இருக்கிற கடை அண்ணன்
ரிச்சி தெரு, சென்னை